அவசரப் பிரிவில் டேப்லெட் வழி டிரயாஜ்: ஒரு செவிலியரின் நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

மாவட்டத் தலைநகர் ஒன்றில் உள்ள பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவில் செவிலியராகப் பணிபுரிகிறேன். வருகிற நோயாளிகளில் யாரை உடனே பார்க்க வேண்டும், யார் சற்றுக் காத்திருக்கலாம் என்று பிரிக்கும் டிரயாஜ் வேலையை, சில ஆண்டுகளாக டேப்லெட்டில் இயங்கும் ஒரு மென்பொருளின் துணையோடு செய்து வருகிறோம். மழைக்காலக் காய்ச்சல் கூட்டம், பண்டிகை இரவுகளின் விபத்துகள், ஆள் பற்றாக்குறையோடு ஓடிய நைட் டியூட்டிகள் என எல்லாவற்றிலும் பயன்படுத்திப் பார்த்த பிறகு, இதை வாங்க எண்ணும் மருத்துவமனைகளின் செவிலியர்களுக்குப் பயன்படும் என்று இதை எழுதுகிறேன்.

செயல்முறை எளிது. நோயாளியின் முக்கியத் தொந்தரவைப் பட்டியலில் தொட வேண்டும். பிறகு மூச்சு எண்ணிக்கை, ஆக்சிஜன் அளவு, இரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, நினைவு நிலை, காய்ச்சல் ஆகியவற்றைப் பதிய வேண்டும். பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2012-இல் வெளியிட்டு 2017-இல் திருத்திய நியூஸ்-2 என்ற மதிப்பெண் முறைப்படி (ஒவ்வொரு அளவும் இயல்பிலிருந்து விலக விலக அதற்கான மதிப்பெண் கூடும்) மென்பொருள் கணக்கிட்டு, தொந்தரவையும் சேர்த்துப் பார்த்து, சிவப்பு, மஞ்சள், பச்சை என ஒரு நிறத்தைக் காட்டும். மொத்தம் 5 வந்தால் மருத்துவர் விரைந்து பார்க்க வேண்டும். 7 அல்லது அதற்கு மேல் என்றால் நேரே சிவப்புப் பகுதிக்குக் கொண்டுபோக வேண்டும்.

இந்தக் கருவியால் கிடைத்த பெரிய நன்மை எது என்று கேட்டால், தயங்காமல் மூச்சு எண்ணிக்கையைத்தான் சொல்வேன். பழைய பதிவேடுகளைப் புரட்டினால் நாடியும் இரத்த அழுத்தமும் ஆளுக்கு ஆள் மாறியிருக்கும்; மூச்சு மட்டும் பக்கம் பக்கமாக 20 என்றே இருக்கும். மற்றவற்றை அளக்க இயந்திரம் உண்டு, மூச்சை எண்ண நின்று பார்க்கும் கண்தான் உண்டு, கூட்ட நேரத்தில் முதலில் விட்டுப்போவது அதுவாகவே இருந்தது. எங்கள் மென்பொருளில் அந்த எண்ணைத் தட்டச்சு செய்ய முடியாது. நெஞ்சு ஒவ்வொரு முறை ஏறும்போதும் திரையில் ஒரு வட்டத்தைத் தொட வேண்டும். அரை நிமிடம் முடிந்ததும் அதுவே கணக்கிட்டுக்கொள்ளும். காய்ச்சல் என்று வந்து, பெஞ்சில் உட்கார்ந்து நன்றாகவே பேசிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு மூச்சு 28, ஆக்சிஜன் 95, நாடி 118, காய்ச்சல் 101.2 என்று வைத்துக்கொள்வோம். இரத்த அழுத்தம் 112, நினைவு தெளிவு. தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் பயமுறுத்தாது. முதல் நான்கு அளவுகளின் மதிப்பெண்களைக் கூட்டினால் 3, 1, 2, 1 என்று 7 வந்துவிடும். கிருமி இரத்தத்தில் பரவத் தொடங்கிய நோயாளிகள் பலர் இப்படித்தான் நடந்தே வருகிறார்கள். கருவி வந்த பிறகு அவர்கள் பெஞ்சில் மறந்துபோகப்படுவது வெகுவாகக் குறைந்திருக்கிறது.

இனி இதன் மிகப் பெரிய குறை. எண்கள் இயல்பாக இருந்தும் உயிருக்கு ஆபத்தான நிலையில் வரும் நோயாளிகள் நம் ஊரில் அதிகம். தரையில் படுத்துறங்கும்போது கட்டுவிரியன் கடித்தவருக்கு வீக்கமோ வலியோ பெரும்பாலும் இருப்பதில்லை. விடியற்காலையில் வயிற்றுவலி என்று வருவார், மதிப்பெண் பூஜ்யமாக இருக்கும், சில மணி நேரத்தில் இமை சரிந்து மூச்சுத் தசைகள் செயலிழக்கத் தொடங்கும். எலி பேஸ்ட் சாப்பிட்டவர் முதல் நாள் வாந்தியோடு சரியாகிவிட்டதுபோல் தெரிவார். அதிலுள்ள மஞ்சள் பாஸ்பரஸ் இரண்டு மூன்று நாட்கள் கழித்துக் கல்லீரலைச் சிதைக்கும். மஞ்சள் அரளி விதையை அரைத்துக் குடித்தவருக்கு நாடி 48-க்கு இறங்கியிருந்தாலும் அதற்கு நியூஸ்-2 தருவது 1 மதிப்பெண்தான். நெஞ்சுவலி இல்லாமல் வெறும் வியர்வையோடும் சோர்வோடும் மாரடைப்பு வரும் நீரிழிவு நோயாளிகளையும் இதில் சேர்க்க வேண்டும். எனவே, தென்னாப்பிரிக்க டிரயாஜ் முறையில் விஷம் அருந்தியவர்கள் மதிப்பெண் எதுவாயினும் மிக அவசரம் என்ற வகையில் வருவதைப் போல, எங்கள் பட்டியலிலும் பாம்புக்கடி, விஷம், புதிதாக வந்த கை கால் பலவீனம் ஆகியவற்றுக்கு நிறம் தானாக உயர வேண்டும் என்று வற்புறுத்திச் சேர்க்க வைத்தோம். விடியற்காலை வயிற்றுவலிக்கு, தரையில் படுத்திருந்தாரா என்ற ஒரு கேள்வியும் சேர்ந்திருக்கிறது. விற்க வருபவர்கள் இவற்றைத் தாங்களாகச் சொல்ல மாட்டார்கள். கேட்டு வாங்க வேண்டும்.

நிறத்தை உயர்த்தும் உரிமை செவிலியரிடம் இருப்பதும் அதேபோல் முக்கியம். தொடக்கத்தில், மஞ்சளைச் சிவப்பாக்கக் காரணத்தை ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருந்தது. கூட்டத்தில் யாரும் அதைச் செய்யவில்லை, கையைப் பிடித்து அழைத்துப்போய்ப் படுக்கவைத்துவிட்டு டேப்லெட்டில் மஞ்சளாகவே விட்டார்கள். இப்போது 'பார்வைக்குச் சரியில்லை' என்ற ஒரே பொத்தான் போதும். அனுபவமுள்ள ஒரு சிஸ்டர் ஆளைப் பார்த்ததும் உணரும் ஆபத்துக்கு அது மதிப்புத் தருகிறது என்பதால், எனக்கு அந்தப் பொத்தான் மிகவும் பிடித்தமானது. நிறத்தைக் குறைக்க மட்டும் மருத்துவரின் ஒப்புதல் தேவை.

குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் நியூஸ்-2 பொருந்தாது. 16 வயதுக்குக் கீழ் அதைப் பயன்படுத்தக் கூடாது. எங்கள் மென்பொருள் வயதைப் பார்த்து மதிப்பெண்ணை நிறுத்திவிடுகிறது, ஆனால் அதற்குப் பதிலாக எதையும் தருவதில்லை. பிரசவத்துக்கு முன்னும் பின்னும் வரும் பெண்களை இன்னமும் தாளில் உள்ள தனி அட்டவணையைக் கொண்டே பிரிக்கிறோம்.

பல்ஸ் ஆக்சிமீட்டர் பற்றி ஒரு வார்த்தை. கறுத்த தோலில் அது ஆக்சிஜன் அளவை உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்று அமெரிக்க நோயாளிகளை வைத்து 2020 டிசம்பரில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் வெளியிட்ட ஆய்வு சொன்னது. மருதாணி, நகப்பூச்சு, குளிர்ந்த விரல் ஆகியவையும் அளவைத் தடுமாற வைக்கலாம். மென்பொருளுக்கு இவை தெரியாது. மூச்சுத் திணறலோடு 96 வந்தால் விரலை மாற்றி மறுபடி பாருங்கள்.

அன்றாடத் தொந்தரவுகள் பலவும் படிப்படியாகத் தீர்ந்தன. நம் வெப்பமானிகள் ஃபாரன்ஹீட்டில் இருக்க, திரை செல்சியஸ் கேட்டது. இப்போது இரண்டையும் ஏற்கிறது. கைபேசி எண் இல்லாமல் அடுத்த பக்கத்துக்குப் போக முடியாத நிலை மாறி, பெயர் தெரியாதவர் என்றும் பதியலாம். கையுறையோடும் சானிடைசர் ஈரத்தோடும் திரையைத் தொடுவது இன்னும் சிரமமே. நெட்வொர்க் போனால் பதிவுகள் டேப்லெட்டிலேயே தங்கிப் பிறகு போய்ச் சேர்கின்றன. இருந்தாலும் மூன்று நிற அட்டைகளை மேசை இழுப்பறையில் எப்போதும் வைத்திருக்கிறோம்.

காத்திருப்பவர்களை மீண்டும் பார்க்கச் சொல்லும் மணி ஓசை பற்றி எங்களுக்குள் இன்னமும் கருத்து வேறுபாடு உண்டு. எல்லோருக்கும் ஒரே இடைவெளியில் அடித்தபோது, அது யார் காதிலும் விழாத ஓசையாகிவிட்டது. மஞ்சளுக்கு மட்டும் என்று மாற்றிய பிறகு கவனிக்கப்படுகிறது. ஆனால் ஒருவரே பதிவும் செய்து, மறுபார்வையும் பார்த்து, ஆம்புலன்ஸ் கதவருகேயும் நிற்க வேண்டியிருக்கும் இரவில், எந்த மணியும் உதவாது. டேப்லெட் வந்துவிட்டது என்று டிரயாஜ் மேசையிலிருந்து ஒரு பணியாளரைக் குறைத்தால் முழுப் பயனும் போய்விடும். நிர்வாகத்திடம் இதை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

மருத்துவரை அழைக்கும் விதமும் மாறியிருக்கிறது. 'கொஞ்சம் வந்து பாருங்க சார்' என்பதைவிட 'ஸ்கோர் 8, மூச்சு 28, அரை மணியில் மூன்று கூடியிருக்கிறது சார்' என்பதற்கு உடனே பதில் கிடைக்கிறது. புதிதாகச் சேர்ந்த இளம் செவிலியர்களுக்கு இது தந்திருக்கும் தைரியத்தை நான் நேரில் பார்க்கிறேன். 'நாங்க முன்னாடியே வந்துட்டோம், அவங்களை மட்டும் ஏன் சிஸ்டர் முதல்ல பார்க்கிறீங்க?' என்று கேட்கும் உறவினர்களுக்கும் இப்போது திரையைக் காட்டி விளக்க முடிகிறது. நிறத்தின் பொருளையும், எந்த அறிகுறி தெரிந்தால் உடனே எங்களைக் கூப்பிட வேண்டும் என்பதையும் தமிழில் அச்சிட்ட சீட்டாகக் கையில் கொடுக்கும் வசதியை அடுத்த பதிப்பில் கேட்டிருக்கிறோம். குழந்தைகளுக்கான மதிப்பெண் அட்டவணையும் அந்தக் கோரிக்கையில் முதலிடத்தில் இருக்கிறது.