ஒரு மணி நேர ஒயின் டேஸ்டிங்: மொன்தால்சீனோவா, மொன்தேபுல்சானோவா?

இத்தாலியின் டஸ்கனி பகுதியின் தெற்கில், சியெனா நகரத்தைத் தாண்டி, ஆளுக்கொரு குன்றின் மேல் இரண்டு ஊர்கள், மொன்தால்சீனோவும் மொன்தேபுல்சானோவும். இடையில் பியென்சா வழியாகக் காரில் போனால் ஒரு மணி நேரம்கூட ஆகாது. இரண்டுமே சிவப்பு ஒயினுக்குப் பேர் போன ஊர்கள், இரண்டிலும் அடிப்படை சாஞ்சொவேசே திராட்சைதான். 1980இல் இத்தாலி தன் ஒயின்களுக்கு டி.ஓ.சி.ஜி என்ற மிக உயர்ந்த தரச்சான்றைக் கொடுக்க ஆரம்பித்தபோது முதலில் வாங்கிய ஒயின்களில் இந்த இரண்டு ஊர் ஒயின்களும் உண்டு. ஃப்ளோரன்ஸிலிருந்தோ சியெனாவிலிருந்தோ ஒரே நாளில் போய்த் திரும்ப நினைக்கிறவர்களுக்கு இரண்டையும் சேர்த்துப் பார்க்க நேரம் போதாது. ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு மணி நேரம், மூன்று நான்கு கிளாஸ், பக்கத்தில் விளக்கிச் சொல்ல ஒருவர் என்றால் மொன்தேபுல்சானோவுக்குப் போங்கள். மொன்தால்சீனோவின் புருனெல்லோதான் இரண்டில் பெரிய ஒயின் என்பதை மனதார ஒப்புக்கொண்டுதான் இதைச் சொல்கிறேன்.

முதலில் புருனெல்லோ. இது முழுக்க முழுக்க சாஞ்சொவேசே மட்டும். வேறு திராட்சை ஒரு சொட்டுகூடக் கலக்கக் கூடாது என்பது சட்டம். அறுவடை முடிந்த ஆண்டிலிருந்து ஐந்தாவது ஆண்டின் ஜனவரி 1ஆம் தேதிதான் விற்பனைக்கு வரலாம், அதற்குள் குறைந்தது இரண்டு வருடம் மரப்பீப்பாயில் இருந்திருக்க வேண்டும். ரிசெர்வா என்ற உயர் வகைக்கு இன்னும் ஒரு வருடம் கூடுதல். இவ்வளவு காத்திருந்து விற்கிற ஒயினை விளைவிப்பவர்களுக்குப் பொறுமை மட்டும் போதாது, கையில் பணமும் வேண்டும். விலை எகிறுவதற்கு அதுவும் ஒரு காரணம். பியோந்தி-சாந்தி குடும்பத்தின் 1888ஆம் ஆண்டு ஒயினிலிருந்துதான் புருனெல்லோவின் கதையை எல்லாரும் தொடங்குவார்கள்.

அந்த ஊர்க்காரர்கள் ஒற்றைத் திராட்சை விஷயத்தில் எவ்வளவு கறாரானவர்கள் என்பதற்கு ஒரு சம்பவம் போதும். 2008இல் சில தயாரிப்பாளர்கள் ரகசியமாக வேறு திராட்சை கலந்தார்கள் என்று விசாரணை கிளம்பி, உலகம் முழுக்கச் செய்தியாகி, ஊர் மானமே போகும் நிலை வந்தது. அந்தச் சூடு ஆறுவதற்குள், 2011இல், புருனெல்லோவில் வேண்டாம், அதன் தம்பியான, சீக்கிரமே விற்பனைக்கு வருகிற ரோஸ்ஸோ தி மொன்தால்சீனோவிலாவது கொஞ்சம் வேறு திராட்சை சேர்க்கலாமா என்று தயாரிப்பாளர் சங்கத்தில் வாக்கெடுப்பு நடத்தினார்கள். பெரும்பான்மையானவர்கள் முடியாது என்று சொல்லிவிட்டார்கள். கலந்தால் விற்பது சுலபம் என்று தெரிந்தே சொன்னார்கள். எனக்கு அந்த ஊர் மேல் மரியாதை கூடியது அங்கேதான்.

சரி, அப்படிப்பட்ட ஒயினை ஒரு மணி நேர டேஸ்டிங்கில் குடித்தால் என்ன ஆகும்? கிளாஸை வெள்ளைத் தாளின் மேல் சாய்த்துப் பாருங்கள் என்பார்கள். நடுவில் மாணிக்கச் சிவப்பு, ஓரத்துக்கு வரவர லேசான செங்கல் நிறம். அடர்த்தி அவ்வளவாக இருக்காது, கிளாஸுக்கு அடியில் விரலை வைத்தால் தெரியும். ஊற்றியவுடன் மோந்தால் பெரும்பாலும் ஒன்றுமே பிடிபடாது. சுழற்றிவிட்டு இரண்டு மூன்று நிமிடம் விட்டால் புளிப்புச் செர்ரி வரும், அப்புறம் காய்ந்த மூலிகை, பதப்படுத்திய தோல், புகையிலை என்று ஒவ்வொன்றாகத் தலைகாட்டும். வாயில் வைத்தால் முதலில் நாக்கின் இரு பக்கமும் புளிப்பு சுரக்கும், விழுங்கிய பிறகு ஈறு முழுக்கத் துவர்ப்பு ஏறும், வாழைக்காயைப் பச்சையாகக் கடித்த மாதிரி. புதிதாக விற்பனைக்கு வந்த புருனெல்லோ என்றால் இந்தத் துவர்ப்பு மட்டும்தான் நினைவில் நிற்கும். அதே கிளாஸ் முக்கால் மணி நேரம் கழித்து வேறு ஒயின் போல இருக்கும் என்பதுதான் விஷயம், ஆனால் அதற்குள் மூன்றாவது பாட்டிலைத் திறந்து, நான்காவதுக்கு விளக்கம் சொல்லி, உங்களை வாசலுக்குக் கொண்டுவந்து விட்டிருப்பார்கள்.

அதோடு மொன்தால்சீனோவில் பெரும்பாலான தயாரிப்பாளர்கள் ஊருக்குள் இல்லை. ஊரைச் சுற்றி இருபதாயிரம் ஹெக்டேருக்கு மேல் நிலம், அதில் சுமார் 2,100 ஹெக்டேர்தான் புருனெல்லோ தோட்டம், மீதியில் பெரும்பகுதி காடும் ஆலிவும் வயலும். தோட்டங்கள் வடக்கிலும் தெற்கிலும் சிதறிக் கிடக்கின்றன. நல்ல தயாரிப்பாளரைப் பார்க்க வேண்டுமென்றால் முன்கூட்டியே எழுதி நேரம் வாங்கி, கார் ஓட்டிக்கொண்டு, மண் சாலையில் போக வேண்டும். ஓட்டுபவர் குடிக்க முடியாது. இத்தாலியில் ரத்தத்தில் ஆல்கஹால் வரம்பு லிட்டருக்கு 0.5 கிராம், லைசென்ஸ் வாங்கி மூன்று வருடம் ஆகாதவர்களுக்குப் பூஜ்யம். துப்புவதற்கென்று பாத்திரம் வைத்திருப்பார்கள், அதில் துப்பினால் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள், எனவே ஓட்டுபவர் ருசி மட்டும் பார்க்கலாம்.

கார் இல்லாதவர்களுக்கு ஊருக்குள் ஒயின் கடைகள் இருக்கின்றன. 1361இல் கட்டிய கோட்டைக்குள்ளேயே ஒரு ஒயின் கடை இருக்கிறது, வெவ்வேறு தயாரிப்பாளர்களின் புருனெல்லோவைக் கிளாஸ் கணக்கில் ருசி பார்க்கலாம். 1555இல் சியெனா ஃப்ளோரன்ஸ்காரர்களிடம் வீழ்ந்த பிறகு சியெனாக் குடியரசின் மிச்சம் நான்கு வருடம் தாக்குப்பிடித்தது இந்த ஊரில்தான், கோட்டை மதில் மேல் ஏறினால் அமியாட்டா மலை தெரியும். இடம் அருமை. ஆனால் ஊருக்குள் எல்லாக் கடையும் ஒரே தரம் இல்லை. ஒரு கடையில் எனக்கு மூன்று கிளாஸை வரிசையாக ஊற்றி வைத்துவிட்டு, எது எந்த வருடம் என்றுகூடச் சொல்லாமல் அடுத்த மேசைக்குப் போய்விட்டார்கள். எழுபது, எண்பது யூரோ பாட்டிலை அப்படி ஊற்றுவது ஒயினுக்கே செய்கிற அவமரியாதை.

மொன்தேபுல்சானோவில் கதை வேறு. இங்கே ஒயின் ஊருக்கு அடியிலேயே இருக்கிறது. பிரதான வீதியான கோர்ஸோ கீழ்வாசலில் தொடங்கி வளைந்து வளைந்து மேலே பெரிய சதுக்கம் வரை ஏறும், ஏறும் வழியிலும் சதுக்கத்திலும் பழைய மாளிகைகள், அவற்றின் கீழே பாறையைக் குடைந்த நிலவறைகள். ரிச்சி மாளிகையின் கீழ் இருக்கும் நிலவறைக்குப் படி இறங்கும்போதே காற்று மாறிவிடும். மேலே ஆகஸ்ட் வெயில், கீழே ஈரச்சுவர், பழைய மரமும் ஒயினும் கலந்த வாடை, இன்னும் இறங்கினால் தேவாலயம் போல உயர்ந்த கூரையும் வளைவுகளும், இரு பக்கமும் ஆளை விட உயரமான பீப்பாய்கள். ஒவ்வொரு பீப்பாயின் முகப்பிலும் எத்தனை ஹெக்டோலிட்டர் (நூறு லிட்டர்) என்று எழுதியிருக்கும். பீப்பாய்க்குள் இரண்டு வருடம் என்று வெறும் வார்த்தையாகக் கேட்டது இங்கே கண்ணுக்கு முன்னால் நிற்கும். விளக்கம் சொல்பவர் பாதி வேலையைச் சொல்லாமலே முடித்துவிடுவார். சதுக்கத்திலேயே கொந்தூச்சி குடும்பத்தின் நிலவறையும் இருக்கிறது, இன்றும் அங்கே ஒயின் முதிர்கிறது, வெறும் காட்சிக்கு வைத்தது அல்ல.

அப்புறம் ஒயின். வீனோ நோபிலே தி மொன்தேபுல்சானோவில் குறைந்தது 70 சதவீதம் சாஞ்சொவேசே இருக்க வேண்டும், இங்கே அதற்குப் புருஞ்ஞோலோ ஜெந்திலே என்று பெயர். மீதி கனயோலோ, மம்மோலோ, கொலொரீனோ போன்ற உள்ளூர்த் திராட்சைகளாக இருக்கலாம், மெர்லோ மாதிரி வெளியூர்த் திராட்சையாகவும் இருக்கலாம். இரண்டு வருடம் முதிர்ந்தால் போதும், ரிசெர்வாவுக்கு மூன்று. மம்மோலோ சேர்த்த ஒயினில் ஒரு வயலெட் பூவாசம் தனியாகத் தெரியும், மெர்லோ சேர்த்தது வாயில் வழவழப்பாக உருளும், சாஞ்சொவேசே மட்டும் போட்டது நிமிர்ந்து நிற்கும். அதாவது ஒரே ஊர், ஒரே சட்டம், ஆனால் மூன்று கிளாஸில் மூன்று தீர்மானங்கள். குறுகிய டேஸ்டிங்குக்கு இதை விடப் பொருத்தமான பாடம் கிடைக்காது. ஒயினுக்குப் புதிதாக வருபவர்கூட முதல் கிளாஸுக்கும் மூன்றாவது கிளாஸுக்கும் வித்தியாசத்தைச் சட்டென்று பிடித்துவிடுவார். புருனெல்லோவில் தோட்டம் வடக்கா தெற்கா, உயரம் எவ்வளவு, எந்த வருடம், பெரிய பீப்பாயா சின்னதா என்று வித்தியாசங்கள் நுணுக்கமானவை, பழகிய வாய்க்குத்தான் பிடிபடும்.

குறையும் சொல்ல வேண்டும். இந்தச் சுதந்திரத்தை எல்லாரும் நன்றாகப் பயன்படுத்துவதில்லை. சில நோபிலேயைக் குடித்தால் எந்த ஊர் ஒயின் என்றே தெரியாது, சின்னப் பீப்பாயின் வனிலா வாசம் எல்லாவற்றையும் மூடிவிடும். அதனால் டேஸ்டிங்குக்கு உட்காரும்போது உள்ளூர்த் திராட்சை மட்டும் கலந்தது ஒன்றாவது இருக்கட்டும் என்று கேளுங்கள். தயங்காமல் கேட்கலாம், பெரும்பாலும் சந்தோஷமாகவே எடுத்து வருவார்கள். இன்னொன்று, கடையில் மொன்தேபுல்சானோ தாப்ருட்ஸோ என்ற பாட்டிலைப் பார்த்து இந்த ஊர் ஒயின் என்று வாங்கிவிடாதீர்கள். அது அட்ரியாட்டிக் பக்கம் விளைகிற வேறு திராட்சை, இந்த ஊருக்கும் அதற்கும் தொடர்பில்லை.

இங்கே நான் மிகவும் வற்புறுத்துவது கடைசிக் கிளாஸை. வின் சாந்தோ தி மொன்தேபுல்சானோ, காயவைத்த திராட்சையில் செய்து சின்னஞ்சிறு பீப்பாயில் வருடக்கணக்கில் அடைத்து வைக்கிற இனிப்பு ஒயின். அதிலும் சிவப்புத் திராட்சையில் செய்கிற ஓக்கியோ தி பெர்னீசே என்ற வகை குறைந்தது ஆறு வருடமாவது அடைபட்டுக் கிடக்கும். விரல் நனைகிற அளவுதான் ஊற்றுவார்கள், விலை அப்படி. அத்திப்பழம், வால்நட், கருகிய சர்க்கரை, அடியில் இனிப்பைத் திகட்ட விடாத ஒரு புளிப்பு. மொன்தால்சீனோவுக்கும் மொஸ்கதெல்லோ என்று ஒரு வெள்ளை இனிப்பு ஒயின் இருக்கிறது, மணக்க மணக்க நன்றாகவே இருக்கும், ஆனால் இந்த ஆழம் அதில் இல்லை.

சாப்பாடு விஷயத்தில் இரண்டு ஊரும் ஒன்றுதான். டேஸ்டிங் தட்டில் உப்பில்லாத டஸ்கன் ரொட்டி, ஆலிவ் எண்ணெய், பியென்சாவின் பெக்கொரீனோ சீஸ், கூடவே பன்றி இறைச்சித் துண்டுகள் வரும். சைவம் என்றால் பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள். பெக்கொரீனோவை உறையவைக்கப் பெரும்பாலும் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் பொருளைத்தான் சேர்ப்பார்கள், தாவர உறை ஊற்றியதும் உண்டு, கேட்டு வாங்கலாம். மதியச் சாப்பாட்டுக்குப் பெரிய பூண்டும் தக்காளியும் போட்ட பிச்சி பாஸ்தா நம் வாய்க்கு நன்றாகப் பிடிக்கும், இளம் ரோஸ்ஸோவோடு பிரமாதமாகப் போகும். வெறும் வயிற்றில் மட்டும் டேஸ்டிங்குக்குப் போகாதீர்கள், சாஞ்சொவேசேயின் புளிப்பு வயிற்றைப் பிடுங்கிவிடும்.

பஸ் பிடித்துப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மொன்தேபுல்சானோ என்ற பெயரில் ரயில் நிலையம் இருந்தாலும் ஊர் அங்கிருந்து பல கிலோமீட்டர் தள்ளி மேலே இருக்கிறது, கியூசி நிலையத்தில் இறங்கிப் பஸ் பிடிப்பவர்கள்தான் அதிகம். மொன்தால்சீனோவுக்குச் சியெனாவிலிருந்து நேரே பஸ் உண்டு. ஞாயிற்றுக்கிழமை இரண்டு ஊருக்குமே பஸ் குறைவு. ஆகஸ்ட் கடைசி ஞாயிறு மொன்தேபுல்சானோவில் எட்டுப் பேட்டைக்காரர்களும் 80 கிலோ பீப்பாயை மேட்டில் உருட்டிக்கொண்டு சதுக்கம் வரை ஓடுகிற பந்தயம் நடக்கும், பார்க்க வேண்டிய திருவிழா, ஆனால் அன்றைக்கு நிதானமான டேஸ்டிங்கை எதிர்பார்க்காதீர்கள்.

எல்லாம் கேட்ட பிறகும் மொன்தால்சீனோதான் வேண்டும் என்றால் ஒரே ஒரு வேலை செய்யுங்கள். நாலைந்து புருனெல்லோ என்று ஆசைப்படாமல், ஒரே தயாரிப்பாளரின் ரோஸ்ஸோவையும் புருனெல்லோவையும் மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். ரோஸ்ஸோ அறுவடைக்கு அடுத்த வருடம் செப்டம்பரிலேயே விற்பனைக்கு வந்துவிடுகிற அதே திராட்சை. முதலில் அதைக் குடித்தால் காலம் அந்தத் திராட்சைக்கு என்ன செய்கிறது என்பது அடுத்த கிளாஸில் புரியும். புருனெல்லோவை ஊற்றியவுடன் குடிக்காமல் கடைசி வரை கிளாஸில் மிச்சம் வைத்திருங்கள். 2010, 2015, 2016 போன்ற நல்ல வருடங்கள் திறந்திருந்தால் கூடுதல் காசு கொடுத்தாவது ஒரு கிளாஸ் வாங்கலாம்.

பாட்டில் வாங்குவதில் மட்டும் என் தீர்ப்பு மாறும். இந்தியா திரும்புகிறவர்களுக்குச் சுங்கவரி இல்லாமல் இரண்டு லிட்டர்தான் அனுமதி, அதாவது 750 மில்லி பாட்டில் இரண்டு. வீட்டில் வருடம் முழுக்கக் குளிர்ச்சியாக இருக்கும் இடமோ ஒயின் ஃப்ரிட்ஜோ இருந்தால் ஒன்று கண்டிப்பாகப் புருனெல்லோ, பத்து வருடம் வைத்தாலும் நன்றாகவே இருக்கும். அப்படி இடம் இல்லையென்றால் அந்தக் காசைப் புருனெல்லோவில் போடாதீர்கள், சமையலறை அலமாரியில் இரண்டு கோடை கழிந்தால் அது வெந்துபோன ஒயின். இப்போதே குடிக்கத் தயாராக இருக்கும் நோபிலே ஒன்றும் ரோஸ்ஸோ தி மொன்தால்சீனோ ஒன்றும் வாங்கி, ஊர் போய்ச் சேர்ந்து ஒன்றிரண்டு வாரம் அசையாமல் வைத்துவிட்டு, கால் மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்தெடுத்துத் திறங்கள்.