ஸ்பிரிட்டா, சுடர்க்குழாயா? பெற்றோமாக்ஸ் லாம்பைச் சூடாக்கும் இரு வழிகள்

பெற்றோமாக்ஸ் லாம்பின் மென்டிலில், அதாவது ஒளிரும் வலைப்பையில், எரிவது மண்ணெண்ணெயின் ஆவி. எண்ணெய்த் தாங்கிக்குள் பம்ப் அடித்து அடைத்த காற்று எண்ணெயை மெல்லிய குழாய் வழியே மேலே தள்ளுகிறது. அந்தக் குழாய் போதிய அளவு சூடாக இருந்தால் எண்ணெய் ஆவியாகி, நிப்பிளின் ஊசித்துளையால் சீறி, காற்றோடு கலந்து, மென்டிலுக்குள் எரிந்து அதை வெண்ணிறமாக ஒளிரச் செய்கிறது. எரியத் தொடங்கியபின் லாம்பு தன் வெப்பத்தாலேயே குழாயைச் சூடாக வைத்துக்கொள்ளும். தொடக்கத்தில் மட்டும் அந்தச் சூட்டை நாம் கொடுக்க வேண்டும். குழாய் சூடேறுமுன் எண்ணெயை விட்டால், ஆவிக்குப் பதிலாகத் திரவமே வெளிவந்து, மஞ்சள் சுவாலையாகக் கண்ணாடிச் சிமிலிக்கு மேலே எழும். திருகோணமலையில் நான் பார்த்த லாம்பு விபத்துகள் எல்லாமே அந்த முதல் இரண்டு நிமிடங்களுக்குள் நேர்ந்தவைதான்.

அந்த முதற்சூட்டைக் கொடுக்க இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, குழாயின் அடியைச் சுற்றி இருக்கும் சிறு கிண்ணத்தில் ஸ்பிரிட் (எரிசாராயம்) ஊற்றிக் கொளுத்துவது. மற்றது, தாங்கியிலுள்ள எண்ணெயையும் காற்றையுமே பயன்படுத்திப் பக்கத்திலிருந்து சீறும் சிறு சுடர்க்குழாயை இயக்குவது. பெர்லின் நகரின் ஏரிக் அண்ட் கிரேட்ஸ் நிறுவனம் வடிவமைத்து உலகமெங்கும் பரவிய 500 மெழுகுவர்த்தி வலு வகையில் இரண்டு வசதிகளும் ஒரே லாம்பில் இருக்கும். இருந்தும், ஒரு வீட்டில் எந்த வழி பழக்கமோ அந்த வழியே தலைமுறை தலைமுறையாகத் தொடரும். மற்ற வழியின் கைப்பிடி அசையாமல் துருவேறிக் கிடக்கும்.

என் தாய்வழித் தாத்தா ஸ்பிரிட் கட்சி. கிண்ணம் நிறைய ஸ்பிரிட் விட்டு, தாங்கி மூடியிலுள்ள காற்றுத் திருகைத் திறந்தே வைத்து, நீண்ட நெருப்புக்குச்சியால் பற்றவைத்து, கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். ஸ்பிரிட் அணையப்போகும் தறுவாயில், கிண்ணத்தில் கடைசி நீலச் சுடர் ஊசலாடும்போது, திருகை இறுக்கிப் பம்ப் அடிப்பார். அந்தக் கடைசிச் சுடரே ஆவியைப் பற்றவைத்துவிடும். வேறு நெருப்பு தேவைப்படாது. இந்த முறையின் முதன்மைச் சிறப்பு இதில்தான் இருக்கிறது: குழாய் சூடாகும் நேரம் முழுவதும் தாங்கியில் அமுக்கம் இல்லை. ஏதாவது ஓர் இணைப்பில் கசிவு இருந்தாலும் எண்ணெய் பீறிட்டு வர வழியில்லை. ஒரு கிண்ணம் போதாமல், அதாவது எண்ணெய் திரவமாகவே வந்து மஞ்சளாக எரிந்தால், பதற்றப்படாமல் காற்றுத் திருகைத் திறந்துவிட்டால் அமுக்கம் இறங்கி, சுவாலை தானாகவே அடங்கிவிடும்.

அதன் ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. ஸ்பிரிட்டின் சுடர் வெளிர்நீலம். அந்திப் பொழுதின் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. பதினான்கு வயதில், கிண்ணம் அணைந்துவிட்டதாக நினைத்து இரண்டாம் முறை ஊற்றப்போனவன் நான். அணைந்திருக்கவில்லை. சுடர் ஊற்றிய தாரையைப் பற்றிக்கொண்டு போத்தல் வாய்க்கே ஏறியது. கையை உதறியதில் விறாந்தைத் தரையில் நீல நெருப்பு ஓடியது. அம்மா வாளித் தண்ணீரை ஊற்றி அணைத்தார். ஸ்பிரிட் தண்ணீரோடு கலக்கும் என்பதால் அன்று தண்ணீர் உதவியது. அதே இடத்தில் மண்ணெண்ணெய் எரிந்திருந்தால் தண்ணீரில் மிதந்து இன்னும் பரவியிருக்கும். அதற்கு மணலும் நனைத்த சாக்கும்தான் மருந்து. கடற்கரை ஊரில் ஒரு வாளி மணலைக் கொண்டுவந்து விறாந்தையில் வைப்பது பெரிய காரியமல்ல. அன்றிலிருந்து ஸ்பிரிட் பெரிய போத்தலிலிருந்து நேரடியாக ஊற்றப்படுவதில்லை. வளைந்த மூக்குள்ள சிறு ஊற்றிக் குப்பியில் ஒரு கிண்ண அளவு மட்டும் எடுக்கப்படும். மறுபடியும் ஊற்ற வேண்டுமானால், கிண்ணம் கைபொறுக்கும் அளவுக்கு ஆறும்வரை பத்து நிமிடமாவது காத்திருக்கப்படும்.

சுடர்க்குழாய் முறையில் ஒழுங்கு தலைகீழாகிறது. முதலில் தாங்கியில் காற்றை அடைக்க வேண்டும். மூடியிலுள்ள மானியின் சிவப்புக் கோட்டளவுக்கு, அதாவது ஏறத்தாழ 2 பார் அமுக்கம் வரும்வரை. பின் பக்கக் கைப்பிடியைத் திறந்து, நெருப்புக்குச்சியைக் காட்டினால், சிறு குழாயிலிருந்து சுடர் உறுமிக்கொண்டு எழும். ஒன்றரை நிமிடமளவு அது குழாயைச் சுட்டபின், பிரதான சக்கரத்தைத் திருப்பி ஆவியை விட்டு, மென்டில் பற்றியதும் பக்கக் கைப்பிடியை மூடிவிடலாம். இடையில் அமுக்கம் குறையும். சுடரின் உறுமல் தளர்ந்து மஞ்சள் நாக்கு நீளும்போது இன்னும் சில அடிகள் பம்ப் அடிக்க வேண்டும். இதற்கு ஸ்பிரிட் வேண்டாம், ஊற்றும் குப்பி வேண்டாம், நெருப்பின் அருகே எதையும் ஊற்றும் அவசியமே இல்லை. என் பதினான்கு வயது முட்டாள்தனம் இந்த முறையில் நடக்க வாய்ப்பில்லை.

ஆனால், குளிர்ந்த லாம்பில் முழு அமுக்கத்தோடு நெருப்பைப் பற்றவைக்கிறோம் என்பதை மறக்கக்கூடாது. கசியும் வோஷர், தளர்ந்த நட்டு, தேய்ந்த வால்வு ஆகியவற்றை ஸ்பிரிட் முறை ஓரளவு மன்னிக்கும், சுடர்க்குழாய் மன்னிக்காது. ஆதலால் இந்த முறையை விரும்புகிறவர் லாம்பைப் பராமரிப்பவராகவும் இருக்க வேண்டும். பருவத்துக்கு ஒருமுறையாவது, நெருப்பு எதுவும் அருகில் இல்லாதபோது, குளிர்ந்த லாம்பில் பம்ப் அடித்து எல்லா இணைப்புகளிலும் சவர்க்கார நுரையைத் தடவிப் பார்க்கலாம். குமிழி ஊதும் இடம் கசியும் இடம். பம்பின் தண்டு தானாக மேலே எழும்பினால் அடியிலுள்ள ஒருவழி வால்வு பிடிக்கவில்லை என்று பொருள். அடிக்கும்போது எதிர்ப்பே இல்லாமல் தண்டு சறுக்கினால், தோல் வோஷர் காய்ந்துபோயிருக்கும். அதைக் கழற்றி, தையல் மெஷின் எண்ணெயில் ஊறவைத்து, விளிம்பை விரித்துவிட்டால் பெரும்பாலும் உயிர் பெறும். சுடர்க்குழாயின் சிறு துளையையும் அடிக்கடி ஊசியால் குத்திச் சுத்தம் செய்ய வேண்டும். மண்ணெண்ணெய்க் குக்கர் வைத்திருந்த வீடுகளில் இந்த வேலை புதிதல்ல.

காற்று, இந்த ஊரில் தனியாக எடைபோட வேண்டிய விடயம். நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் கார்த்திகை, மார்கழியில் அடிக்கும் வாடையில் ஸ்பிரிட் கிண்ணத்தின் மென்சுடர் ஒரு பக்கமாகச் சாய்ந்து, குழாயை விட்டுவிட்டுச் சிமிலியைச் சுடும். பாதி ஸ்பிரிட் வீணாகும், கண்ணாடி வெடிப்பதும் உண்டு. ஆடி மாதத் தென்மேற்குக் காற்றான கச்சானும் இதே வேலையைச் செய்யும் (உண்ணும் கச்சானை, அதாவது நிலக்கடலையைச் சொல்லவில்லை, ஆனால் பத்திரகாளி அம்பாள் கோயில் திருவிழாவில் அந்தக் கச்சானை விற்றவர்கள் இந்தக் கச்சானுக்கு லாம்பை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததும் நினைவுக்கு வருகிறது). சுடர்க்குழாயின் சுவாலை அமுக்கத்தோடு வருவதால் காற்றுக்கு இலகுவில் வளையாது. கடற்கரையில் வலை பிரிக்கவோ, வாசலில் தோணி இழுக்கவோ லாம்பு ஏற்றுகிறவருக்கு இதுவே தகுந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை.

மென்டிலின் ஆயுள் ஸ்பிரிட்டின் பக்கம் சாய்கிறது. கார்ல் ஆயர் என்ற ஒஸ்திரிய வேதியியலாளர் 1891இல் நிலைநிறுத்திய கலவைப்படி, பழைய மென்டில்கள் 99 பங்கு தோரியம் ஒட்சைட்டும் ஒரு பங்கு சீரியம் ஒட்சைட்டும் கொண்டவை. துணி எரிந்தபின் மிஞ்சுவது அந்த ஒட்சைட்டுகளின் சாம்பல் கூடு. ஒரு விரல் பட்டால் உதிரும். ஸ்பிரிட்டின் சுடர் புகையின்றி அந்தக் கூட்டை மெதுவாகச் சுற்றுகிறது. சுடர்க்குழாயோ, அமுக்கம் குறைந்தவுடன் கரியைக் கக்கி மென்டிலையும் சிமிலியையும் கறுப்பாக்கிவிடும். கிழிந்த மென்டிலோடு லாம்பை எரிக்கவே கூடாது. ஓட்டையால் வரும் சுடர் நேராகக் கண்ணாடியைத் தாக்கி உடைக்கும். தோரியம் மெல்லிய கதிர்வீச்சுடையது என்பதால், உடைந்த மென்டிலின் தூளை வாயால் ஊதாமல், ஈரத் துணியால் துடைத்தெடுத்துக் கையைக் கழுவுவது நல்லது.

விலையிலும் கிடைப்பிலும் வெற்றி காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. ஸ்பிரிட் கிடைக்காத மாதங்களில் சுடர்க்குழாய் கைகொடுத்தது. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்குத் தாவியபோது, சூடாக்குவதற்கே எண்ணெயைச் செலவழிக்கும் முறை கசந்தது. சீனக்குடாவில் பிரித்தானியர் விட்டுச்சென்ற 99 பெரும் எண்ணெய்த் தாங்கிகளுக்குப் பக்கத்தில் வாழ்ந்துகொண்டு, கானோடு வரிசையில் நின்ற ஊர் இது. அக்காலத்தில் சிலர் கிண்ணத்தில் மண்ணெண்ணெய் நனைத்த துணியை எரித்துச் சூடாக்கினார்கள். அது மூன்றாவது வழி என்று சொல்லத் தகாது. கரி படிந்து ஒரு மாதத்தில் குழாயை அடைத்துவிடும். கிண்ணத்திலோ தாங்கியிலோ பெற்றோல் விடுவது தற்கொலைக்கு ஒப்பானது. மண்ணெண்ணெயின் ஆவி 38 பாகை செல்சியசுக்கு மேல்தான் பற்றும்; பெற்றோலின் ஆவி உறைகுளிரிலும் பற்றும்.

ஏற்றியபின் இரண்டு முறைகளுக்கும் விதிகள் ஒன்றே. தாங்கியை முக்கால் பங்குக்கு மேல் நிரப்பாதிருத்தல், காற்றுக்கு இடம் வேண்டும் என்பதற்காக. எரியும்போதும் சூடாக இருக்கும்போதும் மூடியைத் திறந்து எண்ணெய் விடாதிருத்தல். ஓலைக்கூரைக்கும் திரைச்சீலைக்கும் போதிய இடைவெளி விடுதல். யன்னல் பூட்டிய அறைக்குள் ஒருபோதும் எரிக்காதிருத்தல்; அதன் காபன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை. 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரவிப் புயல் குச்சவெளிப் பக்கமாகக் கரையேறியபோது, காற்றுக்குப் பயந்து யன்னல்களைச் சாத்திக்கொண்டு உள்ளே பெற்றோமாக்ஸ் எரிக்கும் எண்ணம் எங்கள் வீட்டிலும் எழுந்தது. அன்று சார்ஜ் லைட்டையே உள்ளே வைத்தோம். படுக்கையறைக்கு அதுவே சரி. அதோடு பெற்றோமாக்சைப் போட்டியிட வைப்பதில் பொருளில்லை.

ஆகவே என் தேர்வு இடத்தைப் பொறுத்தது. காற்று மறைந்த விறாந்தையில், அவசரமில்லாத மாலையில், ஸ்பிரிட். குழந்தைகள் ஓடித் திரியும் வீட்டிலோ, காற்று வீசும் வெளியிலோ, லாம்பின் வோஷர்களைப் பார்த்து வைத்திருப்பவருக்குச் சுடர்க்குழாய். பராமரிக்க நேரமில்லாதவர், ஆண்டுக்கு இரண்டுமுறை மட்டும் லாம்பைத் தொடுகிறவர், சுடர்க்குழாய்க் கைப்பிடியை அடைத்தே வைத்துவிட்டு, ஸ்பிரிட்டோடு நிற்பது மேல்.

எந்த வழியால் ஏற்றினாலும், அணைப்பது காற்றுத் திருகைத் திறந்துதான்; அப்போது சீறும் காற்றில் எண்ணெய் ஆவி கலந்திருக்கும் என்பதால், அருகில் வேறு விளக்கோ சுருட்டோ இருக்கக்கூடாது. அந்தத் திருகை மீண்டும் இறுக்காமல் திறந்தபடியே லாம்பை அலுமாரியில் வைக்க வேண்டும். மூடி வைத்தால் அடுத்த நாள் வெயிலில் தாங்கிக் காற்று விரிந்து எண்ணெயைக் குழாய்க்கு ஏற்றி, நிப்பிளால் சொட்டுச் சொட்டாக வடித்து, ஸ்பிரிட் கிண்ணத்திலேயே தேக்கிவிடும்.