யோசே புத்தகம் என்று காசு கட்டுவதற்கு முன் விடைப் பக்கத்தைக் கேளுங்கள்

கறுப்பு, வெள்ளைக் காய்களை வைத்துப் பலகையில் இடம் பிடிக்கும் கோ விளையாட்டைக் கொழும்பில் விளையாடுகிறவர்கள் கொஞ்சப் பேர்தான். ஒருவருக்கு நடந்தது மற்றவருக்குத் தெரிய வருவதில்லை. ஒருவர் ஏமாந்த இடத்திலேயே அடுத்தவரும் போய்க் காசு கட்டுகிறார். எனக்குப் போனது 14,500 ரூபா. இன்னொருவருக்குப் போகக் கூடாது என்றுதான் நடந்ததை முழுதாக எழுதுகிறேன்.

வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையில் அண்ணை ஒருவர் இருக்கிறார், ஜப்பானில் படித்துவிட்டு வந்தவர். பலகையும் காய்களும் அவர் அங்கிருந்து கொண்டுவந்தவை. ஞாயிறு பின்னேரங்களில் இருவரும் விளையாடுவோம். நடு ஆட்டம் வரைக்கும் நான் முன்னுக்கு நிற்பேன். கடைசியில் எண்ணிப் பார்த்தால் மூன்று புள்ளி, நாலு புள்ளியால் தோற்றிருப்பேன். ஒருநாள் அவர் காய்களை அள்ளாமல் பலகையின் ஓரத்தில் விரலை வைத்துச் சொன்னார்: "தம்பி, நீர் சண்டையில தோக்கேல்லை. இந்த ஓரத்திலதான் தோக்கிறீர். யோசே கணக்குப் புத்தகம் ஒண்டு எடுத்துச் செய்யும்."

தெரியாதவர்களுக்கு: இரண்டு பக்கத்து எல்லைகளும் ஏறத்தாழ முடிவான பிறகு, மிச்சம் இருக்கும் ஓரங்களை அடைக்கும் கட்டத்துக்கு ஜப்பானியர் வைத்த பெயர் யோசே. பார்க்கச் சில்லறை வேலை போல இருக்கும். ஆனால் ஆட்டம் அங்கேதான் கை மாறும். 2017 மே மாதம் சீனாவின் ஊஜென் நகரில் சீன வீரர் கே ஜியே, ஆல்பாகோ என்ற கணினி நிரலிடம் முதல் ஆட்டத்தைத் தோற்றது அரைப் புள்ளியால். 361 சந்திகள் உள்ள பலகையில் அரைப் புள்ளி!

சரி, புத்தகம் தேடப் புறப்பட்டேன். முதலில் போனது மருதானைப் பக்கம், டி. ஆர். விஜேவர்தன மாவத்தையில் வரிசையாக இருக்கும் பழைய புத்தகக் கடைகளுக்கு. அங்கே ஒரு நானாவிடம் கேட்டேன். அவர் அடுக்குக்குள் கையை விட்டு நாலு புத்தகம் எடுத்துப் போட்டார். எல்லாவற்றிலும் எண்ட்கேம், அதாவது கடைசிக் கட்டம், என்று இருந்தது, ஆனால் நாலும் சதுரங்கம். நான் விளக்கியதும், "அப்ப இது உங்களுக்குச் சரி வராது தம்பி, வீணாக் காசு குடுக்காதீங்க" என்று திருப்பி அடுக்கினார். அந்த மனிதர் நினைத்திருந்தால் ஒன்றை என் தலையில் கட்டியிருக்கலாம். அவரைப் பற்றியும் எழுத வேண்டும் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

அதற்குப் பிறகுதான் பேஸ்புக்கில் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது. நீலக் கட்டம் போட்ட மேசைவிரிப்பில் மூன்று புத்தகங்கள். 'கோ எண்ட்கேம் கணக்குகள், மூன்று புத்தக செட், ஜப்பான் பதிப்பு, ஒரிஜினல்' என்று போட்டிருந்தது. ஒன்றின் அட்டை எனக்கு நன்றாகத் தெரிந்தது. ஒகாவா தொமோகோவும் ஜேம்ஸ் டேவிஸும் எழுதிய 'தி எண்ட்கேம்', எலிமென்டரி கோ சீரிஸின் ஆறாவது புத்தகம். மற்ற இரண்டும் ஜப்பானிய மொழியில். மொழி தெரியாவிட்டாலும் வரைபடத்தைப் பார்த்துச் செய்யலாம் என்பதால் அது எனக்குப் பிரச்சினையாகப் படவில்லை.

வட்ஸ்அப்பில் கதைத்தேன். உள்ளே இரண்டு பக்கம் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். "பிளாஸ்டிக் உறை போட்டிருக்கு அண்ணா, கிழிச்சா புதுசுன்னு சொல்ல முடியாது" என்று பதில் வந்தது. கேட்க நியாயமாக இருந்தது. அடுத்த நிமிடமே, "லாஸ்ட் செட் அண்ணா, இன்னும் ரெண்டு பேர் கேட்டிருக்காங்க." நான் வங்கிக் கணக்குக்குக் காசை அனுப்பினேன். வந்த பிறகு காசு கொடுக்கிறேன் என்றதற்கு, புத்தகத்துக்கு அந்த வசதி இல்லை என்றார். அங்கேயே நான் நின்றிருக்க வேண்டும்.

ஒரு கிழமை கழித்துப் பார்சல் வந்தது. பிரித்தவுடன் கையில் பட்டது ஸ்பைரல் கம்பி. மூன்றுமே போட்டோக்கொப்பி. அட்டை மட்டும் கலரில் அச்சடித்து மேலே வைத்திருந்தார்கள்.

போட்டோக்கொப்பி என்பதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்திருப்பேனோ என்னவோ. உள்ளே போகப் போகத்தான் தெரிந்தது. முதல் புத்தகத்தின் அட்டை 'தி எண்ட்கேம்'. உள்ளே எல்-குரூப், ஜே-குரூப், கார்பென்டர்ஸ் ஸ்குவேர் என்று தலைப்புகள். அது அதே வரிசையின் நாலாவது புத்தகம், மூலையில் மாட்டிய காய்கள் பிழைக்குமா சாகுமா என்று பார்க்கும் 'லைஃப் அண்ட் டெத்'. அதையும் எழுதியவர் ஜேம்ஸ் டேவிஸ்தான், நல்ல புத்தகம், ஆனால் நான் கேட்டது அது இல்லை.

இரண்டாவது புத்தகத்தை அண்ணையிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் வாசித்துப் பார்த்து, இது யோசேதான் என்றார். எனக்கு மனம் கொஞ்சம் ஆறியது. பத்துப் பக்கம் புரட்டியவர் நிறுத்தி, "விடை எங்கை?" என்று கேட்டார். ஜப்பானியக் கணக்குப் புத்தகங்கள் பலவற்றில் கேள்வி தாளின் முன்பக்கத்திலும் விடை அதே தாளின் பின்பக்கத்திலும் இருக்கும், யோசித்து முடிக்கும் முன் கண் விடைக்குப் போகாமல் இருப்பதற்காக. நகல் எடுத்தவர் முன்பக்கங்களை மட்டும் எடுத்துவிட்டார். முதலிலிருந்து கடைசி வரை கேள்விகள் மட்டும்தான்.

மூன்றாவதில் விடை இருந்தது. அதை வாசிக்க முடியவில்லை. கோ வரைபடத்தில் எந்தக் காய் எந்த வரிசையில் விழுந்தது என்பதைக் காயின் மேலேயே எண் போட்டுக் காட்டுவார்கள். வெள்ளைக் காயில் கறுப்பு எண், கறுப்புக் காயில் வெள்ளை எண். மலிவான நகலில் மை பரவிக் கறுப்புக் காய்களில் இருந்த வெள்ளை எண்கள் அத்தனையும் அடைபட்டுப் போயிருந்தன. வெறும் கறுப்பு வட்டங்கள். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். 2 இருக்கிறது, 4 இருக்கிறது, 1, 3, 5 எங்கே என்று தெரியவில்லை.

இது ஏன் இவ்வளவு பெரிய குறை என்று கேட்பவர்களுக்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். பலகையின் விளிம்பில் உள்ள முதல் கோட்டில் எதிராளியின் காய்க்குக் கீழே வளைத்து ஒரு காய் வைக்கிறேன், அவர் தடுக்கிறார், நான் பின்னால் இணைக்கிறேன். வழக்கமான நிலையில், நான் முந்தினால் அவருக்கு ஒரு புள்ளி குறையும். அவர் முந்தினால் எனக்கு ஒரு புள்ளி குறையும். ஆக இதன் மதிப்பு இரண்டு புள்ளி. இணைத்து முடித்ததும் அடுத்த முறை அவருடையது, அதனால் இது கோத்தே. நான் இணைத்த பிறகும் அவர் இன்னொரு பதில் வைத்தே ஆகவேண்டிய நிலை இருந்தால் அது செந்தே, அப்போது அதை எப்போது வைப்பது என்பதே வேறு கணக்கு. யோசே புத்தகத்தின் உயிர் இந்த வரிசையிலும் இந்த எண்ணிக்கையிலும்தான் இருக்கிறது. பிழைப்பு-சாவுக் கணக்கில் விடை இல்லாவிட்டாலும் பலகையில் வைத்துப் பார்த்து ஓரளவு கண்டுபிடிக்கலாம். நாலு புள்ளியா மூன்று புள்ளியா என்பதை என்னைப் போன்றவர்கள் விடை இல்லாமல் சரிபார்க்க முடியாது.

விற்றவருக்குப் படங்கள் அனுப்பினேன். பார்த்ததற்கு அடையாளம் விழுந்தது, பதில் இல்லை. மறுநாள் என்னை பிளாக் செய்திருந்தார். பேஸ்புக் பக்கமும் காணாமல் போயிருந்தது. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு முறைப்பாடு சொல்லலாம் என்பது தெரியும். ஆனால் என் கையில் என்ன இருந்தது? கடைப் பெயர் இல்லை, முகவரி இல்லை, பற்றுச்சீட்டு இல்லை. வங்கிப் பரிமாற்றச் சீட்டும் சில ஸ்கிரீன்ஷொட்களும்தான். அவற்றோடு எழுத்தில் கொடுத்திருக்கிறேன். நீங்கள் வாங்கும்போது விற்பவரின் முகவரியையும் பற்றுச்சீட்டையும் முதலிலேயே கேட்டு வையுங்கள். பிறகு கேட்க ஆள் இருக்காது.

அடுத்தது, காசு கட்டும் முன் ஒரு கேள்வியின் படத்தையும் அதே கேள்வியின் விடைப் படத்தையும் கேளுங்கள். அட்டைப் படம் எதற்கும் உதவாது. விடையில் கறுப்புக் காய்களின் மேல் எண் தெளிவாகத் தெரிகிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். ஆங்கிலப் புத்தகம் என்றால் விடைக்குள் புள்ளிக் கணக்கும் செந்தே, கோத்தே என்ற சொற்களும் வருகின்றனவா என்று தேடுங்கள். கறுப்பு வைத்து வெள்ளையைக் கொல்லவும், கறுப்பு பிழைக்கவும் என்று மட்டுமே பக்கம் பக்கமாகப் போனால் அது யோசே புத்தகம் இல்லை, அட்டையில் என்ன எழுதியிருந்தாலும். உறையைக் கிழிக்க முடியாது என்று சொல்கிறவரிடம் வாங்காதீர்கள்.

ஐபோன், ஐபேட் வைத்திருப்பவர்களுக்கு ஸ்மார்ட்கோ செயலியில் கோ புத்தகங்களை விலைக்கு வாங்கும் வசதி உண்டு. அதில் வரைபடத்தின் காய்களை வரிசையாக வைத்துப் பார்க்கலாம், எண் அடைபடும் பிரச்சினையே இல்லை. தாளில்தான் வேண்டும் என்றால் தபால் செலவைச் சேர்த்துப் பார்த்துப் பதிப்பாளரிடமோ தெரிந்த கடையிடமோ வாங்குங்கள், அல்லது வெளிநாட்டிலிருந்து வருகிற சொந்தக்காரரிடம் சொல்லி விடுங்கள். எனக்கு இப்போது அப்படித்தான் ஒன்று வரப்போகிறது.

அதுவரை அண்ணையும் நானும் அந்த விடையில்லாத இரண்டாவது புத்தகத்தைத்தான் வைத்துச் செய்கிறோம். ஒவ்வொரு கேள்வியையும் பலகையில் அடுக்கி, இரண்டு பக்கமும் வைத்துப் பார்த்து, எண்ணி, பின்பக்க வெற்றுத் தாளில் பென்சிலால் அவர் விடை எழுதுகிறார். ஒரு பின்னேரத்துக்கு மூன்று கணக்குக்கு மேல் போவதில்லை.

போன வியாழக்கிழமை அதே படம் வேறொரு பெயரில் திரும்பவும் வந்திருக்கிறது. அதே நீலக் கட்டம் போட்ட மேசைவிரிப்பு, அதே மூன்று அட்டைகள், விலை மட்டும் 12,000 ரூபா. கீழே இரண்டு பேர் இருக்கிறதா என்று கேட்டிருந்தார்கள். இருவருக்கும் தனியாக எழுதியிருக்கிறேன்.