நிஸான் ஒன் டன்: எல்லாரும் ரேடியேட்டரைத்தான் திட்டினார்கள்

நண்பர் ஒருவர் விலைக்கு வந்த நிஸான் ஒன் டன் ஒன்றைப் பார்த்துவிட்டு, "வாங்கலாமா?" என்று கேட்டார். ஜபல்பூரில் செய்த பட்டாளத்து வண்டி, பட்டாளத்து ஜீப்பான ஜோங்காவில் இருக்கும் அதே ஆறு சிலிண்டர் பெட்ரோல் என்ஜின், குடிக்கிற பெட்ரோலுக்குக் கணக்கே கிடையாது. இதெல்லாம் அவருக்கே தெரியும். நான் சொல்லப்போவது ஃபேனையும் வாட்டர் பம்பையும் சுற்ற வைக்கும் பெல்ட்டைப் பற்றி.

என் வண்டி திருவொற்றியூரில் நிற்கிறது. காலிச் சாலையில் சூட்டு முள் நடுவை விட்டு நகராது. எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் வரிசைக்குள் மாட்டினால் போதும், முள் ஏறும். கூடவே பானட்டுக்குள் கீச்சென்று ஒரு சத்தம். யாரிடம் காட்டினாலும் "ரேடியேட்டர் சார்" என்பார்கள். அதுவும் பொய்யில்லை. இந்தப் பக்கத்து போர் தண்ணீர் உப்பு. மீஞ்சூர் பக்கம் நிலத்தடியில் கடல்நீர் ஏறியது 1960களின் இறுதியிலேயே தெரிந்துபோன கதை. முன்பு வைத்திருந்தவர் அந்தத் தண்ணீரையே ஊற்றி ஓட்டியிருக்கிறார். மேல் டேங்கைப் பிரித்தால் குழாய் வாயெல்லாம் வெள்ளையாகக் கல் கட்டியிருந்தது.

இந்த இடத்தில் வண்டியைப் பாராட்டியே ஆக வேண்டும். செம்பும் பித்தளையும் கொண்டு செய்த ரேடியேட்டர். மூலக்கடையில் ஒரு பாய் ஈயத்தை உருக்கி டேங்கைக் கழற்றி, ஒவ்வொரு குழாயிலும் கம்பி விட்டுக் குடைந்து, திரும்ப ஈயம் வைத்து மூடிக் கொடுத்தார். இன்றைய அலுமினியம், பிளாஸ்டிக் டேங்க் என்றால் நேராகக் காயலான் கடைதான்.

ஆனால் கீச்சு போகவில்லை, சூடும் போகவில்லை. புது பெல்ட் போட்டால் சில நாள் சும்மா இருக்கும், அப்புறம் பழையபடி. பெல்ட்டை இழுத்து டைட் வைத்ததில் வாட்டர் பம்ப் பேரிங்தான் போனது. பம்ப் அடியில் இருக்கும் சின்னத் துளையில் தண்ணீர் சொட்ட ஆரம்பித்தது. இன்னொரு பட்டறையில் என்னைக் கேட்காமலே தெர்மோஸ்டாட்டை, அதாவது என்ஜின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வை, கழற்றிப் போட்டிருந்தார்கள். "நம்ம ஊர் வெயிலுக்கு அது எதுக்கு சார்?" காலையில் என்ஜின் சூடேறாமல் இருமிக்கொண்டு, குடிக்கிற பெட்ரோல் போதாதென்று இன்னும் குடித்தது. நல்ல சேவை.

விஷயத்தைப் பிடித்தவர் வியாசர்பாடியில் ஒரு லேத்காரர். பானட்டைத் திறந்ததும் அவர் ரேடியேட்டர் பக்கமே போகவில்லை. அதே பெல்ட்டில் சுற்றி பாட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரில் ஒரே ஓரமாகப் படிந்திருந்த கருப்பு ரப்பர்த் தூளை விரலால் வழித்துக் காட்டினார். பிறகு ஒரு நூலை, என்ஜினோடு சுற்றி பெல்ட்டை இழுக்கும் கிராங்க் புல்லியின் முகத்தோடு ஒட்டி இழுத்துப் பிடித்தார். பம்ப் புல்லி நூலைத் தொட்டது. ஆல்டர்னேட்டர் புல்லி தள்ளி நின்றது. பழைய டைனமோவைத் தூக்கிவிட்டு, யாரோ லாரி ஆல்டர்னேட்டரைக் கைக்கு வந்த பிராக்கெட்டில் மாட்டிய வேலை அது. கிராங்க் புல்லியில் பள்ளத்தின் அடிப்பாகம் பளபளவென்று மின்னியது. "பெல்ட்டு அடியில போய் உக்காந்துக்கினு கீது சார்" என்றார். வி பெல்ட்டுக்குப் பிடிப்பே பக்கச் சுவர்தான். அடியைத் தொட்டால் வழுக்கும். ஃபேனும் பம்பும் சேர்ந்தே தளரும். வரிசையில் ஐடிலில் நிற்கும்போது வேறென்ன ஆகும்?

பள்ளத்தைக் கடைந்துவிடலாமே என்றேன். மறுத்துவிட்டார். கடைந்தால் பெல்ட் இன்னும் கீழே இறங்கும், கிராங்க் புல்லி சிறுத்த கணக்காகி ஃபேன் இன்னும் மெதுவாகச் சுற்றும். இரும்பில் புதிதாகவே கடைந்தார். பெல்ட்டின் கோணம் 40 டிகிரி, பள்ளத்துக்கு வைத்தது 36. வளையும்போது பெல்ட்டின் உட்பக்கம் பருத்து வெளிப்பக்கம் ஒடுங்குவதால் கோணம் குறைகிறது, அதற்காக. பிராக்கெட்டுக்கு அடியில் வாஷர் கொடுத்து ஆல்டர்னேட்டரையும் நூலுக்குக் கொண்டுவந்தார்.

இப்போது கன்டெய்னர் வரிசையில் முள் அசைவதில்லை, சத்தமும் இல்லை. நான் வண்டியைக் கொடுப்பதாகவும் இல்லை. இருந்தும் நண்பருக்கு என் பதில், வேண்டாம். இதில் எதையும் கழற்றலாம், எதையும் மாட்டலாம். அதனாலேயே கண்டவர்களும் கை வைத்திருப்பார்கள். வாங்கியே தீருவேன் என்றால், பார்க்கப் போகும்போது நூல் ஒன்று எடுத்துப் போங்கள். ஃபேனைச் சுற்றி வரும் தகரக் கூடு இருக்கிறதா என்றும் பாருங்கள். பெரும்பாலும் அதையும் கழற்றி எறிந்திருப்பார்கள்.