பலகை இறங்கினால் நல்ல படகு

என்னிடம் இருக்கும் அதே 18 அடி பாய்ப் படகின் விலையைக் குறைத்துவிட்டார்கள், வாங்கலாமா என்று கும்பகோணத்து நண்பர் கேட்டிருக்கிறார். நீளம், அகலம், பாயின் பரப்பு எல்லாம் விற்பனைத் தாளிலேயே இருக்கிறது. நான் எழுத வேண்டியது அதில் இல்லாத ஒன்றைப் பற்றி. படகின் அடிவயிற்றில், பக்கவாட்டில் வழுக்காமல் இருப்பதற்காக ஏற்றி இறக்கும் ஒரு பலகை இருக்கிறது. என் இரத்த அழுத்த மாத்திரையில் பாதி அந்தப் பலகையின் கணக்கில் சேர வேண்டும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், பிறகு மனம் வராது.

நானும் என் மனைவியும் நாகப்பட்டினத்துக்காரர்கள். தை பிறந்து வாடையின் வேகம் சற்றுத் தணிந்ததும் தெற்கே கிளம்புவது எங்கள் வழக்கம். அக்கரைப்பேட்டை நண்பரும் அவர் மனைவியும் தங்கள் ஃபைபர் படகில் உடன் வருவார்கள். அரிசி, குடிநீர், அடுப்பு எல்லாம் இன்ஜின் உள்ள அவர்கள் படகில். பெருமை மட்டும் எங்கள் படகில். நாகையிலிருந்து கோடியக்கரை வரை கரை ஏறத்தாழ நேர் தெற்காகவே போகிறது, சுமார் 30 கடல் மைல். வேளாங்கண்ணி, புஷ்பவனம், ஆறுகாட்டுத்துறை என ஊர்கள் வலப்பக்கம் ஒவ்வொன்றாகக் கழியும். வாடை பின்னாலிருந்து தள்ளும்போது பலகைக்கு அதிகம் வேலை இல்லை, பாதிக்கு மேல் தூக்கிவிடலாம். அப்போது இந்தப் படகை ஓட்டிப் பாருங்கள். சுக்கானில் இரண்டு விரல் வைத்தால் போதும். முன்பாயைச் சுருட்டும் உருளை இதுவரை ஒருமுறைகூடச் சிக்கவில்லை. அலை ஏறி உள்ளே விழும் நீரும் தானாக வடிந்துவிடுகிறது.

கோடியக்கரை முனையில் நீரோட்டமும் அலையும் மோதிக்கொண்டு சிறிது நேரம் உலுக்கி எடுக்கும். தாண்டியதும் கரை மேற்கே மடங்குகிறது. வாடையை நிலம் மறைத்துக்கொள்வதால் கரையோரத்தில் அலை படுத்துவிடும், பாய்க்குத் தேவையான காற்று மட்டும் வந்துகொண்டிருக்கும். ஆழமில்லாத நீர், மதிய வெயிலில் வெதுவெதுப்பாகிவிடும். நாகையில் விடிகாலைக் குளிருக்குத் தலையில் துண்டு கட்டிக்கொண்டு கிளம்பிய என் மனைவி, இங்கே காலை நீரில் தொங்கவிட்டுக்கொண்டு படகு ஓட்டுவார். சுக்கான் பெரும்பாலும் அவர் கையில்தான். என்னைவிட நன்றாக ஓட்டுகிறார். ஒரே ஒரு கட்டுப்பாடு: தென்கிழக்கே தலை திருப்பக் கூடாது. சர்வதேசக் கடல் எல்லை பக்கத்திலேயே இருக்கிறது. ஜிபிஎஸ்ஸின் எச்சரிக்கை ஒலியை யார் கெஞ்சினாலும் அணைப்பதில்லை.

இனி பலகை.

இந்தப் பலகை படகின் நடுவே ஓர் ஒடுக்கமான பெட்டிக்குள் மடங்கி உட்காருகிறது. பலகைக்கும் பெட்டிச் சுவருக்கும் இடையில் ஒரு விரல்கூட நுழையாது. மணற்கரைக்கு அது போதுமாக இருக்கலாம். நாங்கள் போய்ச் சேரும் இடமோ முத்துப்பேட்டைப் பக்கம். பாமணியாறு, கோரையாறு, கிளைத்தாங்கி, மரக்காக்கோரை என்று காவிரியின் கடைசிக் கிளைகளெல்லாம் வண்டலைக் கொண்டுவந்து கொட்டும் கழிமுகம். வனத்துறையிடம் அனுமதி வாங்கி அலையாத்திக் காட்டைப் பார்த்துவிட்டு வந்தால், பெட்டி நிறையக் களிமண் ஏறியிருக்கும். பிறகு படகை அதிராம்பட்டினத்தில் நண்பரின் உறவினர் இடத்தில் ஏற்றிவிட்டு ரயிலில் வீடு திரும்புவோம், பங்குனியில் சோழகம் என்னும் தென்காற்று எழுந்ததும் போய் எடுத்துவரலாம் என்று. அதுவரை அடிக்கிற வெயிலில் அந்தக் களி, கோடையில் காய்ந்த வரப்பைப் போல இறுகிவிடும்.

திரும்பும் வழியில்தான் பலகை உயிர்நாடி. அதிராம்பட்டினத்திலிருந்து கோடியக்கரைக்குக் கிழக்கே வர வேண்டும், காற்றோ தென்கிழக்கிலிருந்து. பலகை முழுதாக இறங்காவிட்டால் படகு முன்னே போவதைவிடப் பக்கவாட்டில் கரையை நோக்கித்தான் அதிகம் போகும். ஒவ்வொரு பங்குனியும் இதே கூத்து. கயிற்றை விட்டால் பலகை அசையாது. மேலிருந்து ஒரு குச்சியை விட்டுக் குத்தலாம் என்றால் பெட்டிக்கு மேல்புறம் திறப்பே கிடையாது. நண்பர் மூழ்கி, அடியிலிருந்து சவுக்குக் கம்பால் நெம்புவார். நான் மேலே நின்று சுத்தியலால் தட்டுவேன், கூடவே வாயும் ஓடும். "நீங்கள் திட்டினால் அது இறங்காது, கயிற்றைப் பிடியுங்கள்" என்பார் என் மனைவி.

"எங்கள் அப்பா காலத்தில் பாய் கட்டிய கட்டுமரத்துக்கும் பலகை உண்டு சார். மரங்களுக்கு நடுவே கையால் செருகுவார்கள், கரை வந்ததும் உருவித் தோளில் போட்டுக்கொண்டு போவார்கள்" என்று நண்பர் ஒருமுறை சொன்னார். எங்கள் படகைக் கட்டிய பட்டறைக்காரர் அவரிடம் வந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தால் எனக்கு இந்தத் தொல்லை இல்லை.

பட்டறைக்கு எழுதிக் கேட்டேன். மணற்பாங்கான கரைக்காக வடிவமைத்த படகு, சேற்றுக்கு உத்தரவாதம் செல்லாது என்று பதில் வந்தது. காவிரிப் படுகையில் படகு விற்கிறவருக்குச் சேறு என்றால் என்னவென்று தெரியாதா? பெட்டியின் தலையில் ஒரு திறப்பு வையுங்கள் என்று யோசனையும் எழுதினேன். அதற்குப் பதிலே இல்லை.

கடைசியில் மீன்பிடிப் படகுகளுக்கு ஒட்டுப்போடும் நாகைத் தொழிலாளிகளிடம் கொண்டுபோனேன். பெட்டியின் மேல்முகம் நீர்மட்டத்துக்கு மேலே இருப்பதால் அங்கே துளை போட்டாலும் கடல் உள்ளே வராது என்பதைப் பார்த்த உடனேயே சொல்லிவிட்டார்கள். வெட்டி, விளிம்புக்குக் கண்ணாடியிழை மேட்டும் ரெசினும் பூசி, ரப்பர் வளையத்தோடு ஒரு திருகு மூடி வைத்தார்கள். அரை நாள் வேலைகூட இல்லை. இப்போது மூடியைத் திறந்து ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிக் குத்தினால் பலகை சமர்த்தாக இறங்குகிறது.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், பட்டறையின் புது மாதிரியில் இதே இடத்தில் மூடி வந்துவிட்டது. "புதிய வசதி" என்று போட்டிருக்கிறார்கள். இப்போது விலை குறைத்துத் தள்ளுவது மூடி இல்லாத பழைய இருப்பு.

ஆகவே நண்பருக்கு என் தீர்ப்பு: வாங்காதீர்கள். பாய் நன்று, சுக்கான் நன்று, முனையைத் திரும்பும்போது கிடைக்கும் சுகம் வேறெங்கும் கிடைக்காது, ஆனாலும் வாங்காதீர்கள். என் மனைவியைக் கேட்டால் இன்றே முன்பணம் கட்டச் சொல்வார். அவர் சுத்தியல் பிடித்ததில்லை.

அவர் பேச்சைக் கேட்டுத்தான் வாங்கப் போகிறீர்கள் என்றால், கிளம்பும் முன் கடலோரக் காவல் நிலையத்தில் தகவல் சொல்லிவிடுங்கள், கடலோரக் காவல்படையின் 1554 என்ற எண்ணை ஃபோனில் பதிந்துகொள்ளுங்கள். தள்ளுபடியில் மூடி வைக்கும் கூலி போக மிஞ்சுவதற்கு ஒரு நல்ல நங்கூரம் வாங்குங்கள். படகோடு கொடுப்பது சேற்றில் பிடிக்கவே பிடிக்காது. அதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இன்னொரு கட்டுரை ஆகிவிடும்.