கோஹிமாவில் ஒரு நாகா ஆயுதக் கடை

நாகாலாந்தின் தலைநகரான கோஹிமாவில் நாகா பழங்குடிகளின் பழம்பொருட்களை விற்கும் இச்சிறு கடையில், சேகரிப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியவை தாவ் எனப்படும் வெட்டுக்கத்திகள்: பிடியருகே குறுகி நுனியை நோக்கி அகன்று விரியும் அலகும், ஒருபுறம் மட்டுமே சாணை பிடித்த விளிம்பும், கை பட்டுப் பட்டு வழவழப்பேறிய மரப்பிடியும் அவை உண்மையில் புழங்கியவை என்பதைக் காட்டிவிடுகின்றன. செஞ்சாயமேற்றிய ஆட்டுமுடி போர்த்திய ஈட்டிகள் அழகானவை. ஆனால் பெரும்பாலானவை புதியவை, செயற்கைத் துரு விரல் பட்டாலே உதிர்கிறது. கேட்டால் கடைக்காரர் மறைப்பதில்லை. இருப்பினும் அதை விலைச்சீட்டிலேயே எழுதிவிடலாம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை மதித்து, இருவாச்சிப் பறவையின் இறகும் யானைத்தந்தமும் கொண்ட அணிகளை இவர்கள் வைப்பதில்லை. 100 ஆண்டு கடந்த தொல்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுசெல்லச் சட்டத்தில் இடமில்லை என்பதால், வெளிநாட்டவர் புதியவற்றையே வாங்கலாம். கத்தியுறைக்குத் தனியாகப் பணம் கேட்பதுதான் சற்று உறுத்துகிறது.