துரை மாறினால் தோட்டம் மாறும்: ‘ஸ்வாம்ப் திங்’, ‘ஹெல்பிளேசர்’ வாசித்த அனுபவம்

சில வருடங்களாக அமெரிக்கப் பதிப்பகமான டிசியின் பழைய திகில் கொமிக்ஸ்களைத்தான் திரும்பத் திரும்ப வாசிக்கிறேன். மழைக்கு ஹட்டனில் கரண்ட் போனாலும் டெப்பில் சார்ஜ் இருந்தால் போதும். இவ்வளவு வாசித்த பிறகு சொல்கிறேன், தொகுப்பு வாங்கும்போது அட்டைப் படத்தில் மயங்காமல் எழுதியது யார் என்று பாருங்கள்.

‘ஸ்வாம்ப் திங்’கையே எடுப்போம். 1982இல் மறுபடி தொடங்கியபோது எழுதியவர் மார்ட்டின் பாஸ்கோ. மோசமில்லை, ஆனால் சதுப்பு நிலத்து அசுரனாகிப்போன விஞ்ஞானியின் கதையை எத்தனை இதழுக்குத்தான் இழுப்பது? 1984இல் 20ஆம் இதழோடு அலன் மூர் வந்தார். 21ஆம் இதழை வரைந்தது பாஸ்கோ காலத்திலேயே இருந்த பிசெட்டும் டோடில்பெனும்தான், ஆனால் கதையை மூர் அப்படியே கவிழ்த்துப் போட்டார்: இவன் செடியாக மாறிய மனிதனே இல்லை, செத்த மனிதனின் நினைவுகள் சேர்ந்து தன்னை மனிதன் என்று நம்பிக்கொண்டிருக்கும் செடி. திரும்பி மனிதனாகலாம் என்ற ஆசைக்கே இடமில்லை. ஒரே மலை, ஒரே கொழுந்து, துரை மாறியதும் தோட்டமே வேறாகிற மாதிரி. சுற்றிவர தேயிலை இருக்கிற வீட்டில் ராத்திரி அதை வாசித்துப் பாருங்கள், அப்புறம் பேசுவோம்.

மூருக்குப் பிறகு ரிக் வீச். அவர் அந்தத் தொடருக்கு ஏற்கனவே வரைந்தவர் என்பதால் மாற்றம் உறுத்தவில்லை. ஆனால் 1989இல் இயேசு வருகிற 88ஆம் இதழை டிசி வெளியிட மறுக்க, அவர் விலகிவிட்டார். அவர் பாதியில் விட்ட காலப்பயணக் கதையை டக் வீலர் வந்து முடித்தார். முடித்தார் என்பதைத் தவிர சொல்ல ஒன்றுமில்லை, ஒட்டுப்போட்ட இடம் பளிச்சென்று தெரிகிறது.

மூரின் கதையில் அறிமுகமான ஜான் கான்ஸ்டன்டீன் என்ற மந்திரவாதிக்கு 1988இல் தனித்தொடர் வந்தது, அதுதான் ‘ஹெல்பிளேசர்’. தொடங்கியவர் ஜேமி டெலானோ. அவர் கதைகளில் பேயைவிட பிரதமர் தாட்சர் காலத்து இங்கிலாந்துதான் கூடப் பயமுறுத்தும், அரசியல் தெரியாவிட்டால் கொஞ்சம் இழுவையாக இருக்கும், சரி, பொறுமையாக வாசியுங்கள். 1991இல் 41ஆம் இதழில் கார்த் எனிஸ் வந்ததும் கான்ஸ்டன்டீனுக்கு நுரையீரல் புற்றுநோய். சிகரெட்டைக் கீழே வைக்காத ஆளுக்கு வேறென்ன வரும்? அந்தக் கதை வருகிற ஆறு இதழ்களும் அபாரம், மந்திரம் தெரிந்தவனும் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு முன்னால் நம்மைப்போலத்தான். அதற்குப் பிறகு எனிஸிடம் நட்பும் குடியும் கூடி, பயம் குறைந்துவிட்டது என்பது என் கருத்து. என் மச்சான் ஒத்துக்கொள்ள மாட்டான், அவனுக்கு எனிஸ்தான் உசத்தி, டெலானோவை பாதியில் வைத்துவிட்டான்.